அம்மா நடந்தால் ஆக்சிஜன் 84: நுரையீரலா, இதயமா? உதவி தேவை

சிவகாசி_முருகன்:
அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் குறுகிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்). இசிஜி நார்மல், இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். இன்ஹேலர் ஒழுங்காகத்தான் எடுக்கிறார். உட்கார்ந்திருந்தால் நன்றாகப் பேசுகிறார். தெருக்குழாய் வரை போய் வந்தால் வாசற்படியிலேயே சாய்ந்துவிடுகிறார், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 84 சதவீதம் காட்டுகிறது. ஆக்சிஜன் மிஷின் வாங்கிவிடலாமா?

நர்ஸ்_மேரி:
தம்பி, அம்மாவுக்கு என்ன வயது? உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு காட்டுகிறது? அந்த 84 விரல் அசையாமல் வைத்துப் பார்த்ததா? விரல் ஆடினாலும் சில்லிட்டிருந்தாலும் கருவி தப்பாகக் காட்டும். கால் வீக்கம் உண்டா? எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தீர்களா?

ரயில்வே_ராமன்:
முதலில் இரத்தம் பாருங்கள். என் மனைவிக்கும் இப்படித்தான் மேல்மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 8. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை, சரியாகிவிட்டது.

நர்ஸ்_மேரி:
சோகையால் மூச்சு வாங்கும் சார், ஆனால் அதனால் மட்டும் 84க்கு இறங்காது. இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது.

கணேசன்_மூத்த உறுப்பினர்:
இசிஜி நார்மல் என்பதால் மட்டும் இதயம் நார்மல் என்று ஆகிவிடாது. இதை எத்தனை இழைகளில் எழுதிவிட்டேன்! தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். படுத்திருக்கும் ஆளுக்கு எடுத்த இசிஜி, குழாயடிக்கு நடக்கும்போது உள்ளே நடப்பதை எப்படிச் சொல்லும்?

சிஓபிடியில் மூச்சை முழுதாக வெளியே விட முடியாது. வேகமாக நடந்தால் பழைய காற்று வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு உள்ளே வந்துவிடும். காற்று தேங்கி நுரையீரல் உப்பும். நடுவில் இருக்கும் இதயத்தை நெருக்கும், உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறையும். நல்ல நுரையீரலில் நடக்கும்போது மூடிக் கிடக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் திறந்து வழிவிடும். இரத்த ஓட்டம் பல மடங்கு கூடினாலும் அழுத்தம் அவ்வளவாக ஏறாது. சிதைந்த நுரையீரலில் அப்படித் திறக்கக் குழாய்கள் போதுமான அளவு மிச்சமில்லை. போதாததற்கு, ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இரத்தக் குழாய் தானாகச் சுருங்கும். வான் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்ற விஞ்ஞானிகள் 1946இலேயே பூனையில் காட்டியது இது. இத்தனையையும் எதிர்த்து, நுரையீரலுக்கு இரத்தம் அனுப்பும் வலது பக்க இதயம்தான் தள்ள வேண்டும். ஆக, நுரையீரலா இதயமா என்ற கேள்வியே தப்பு.

நர்ஸ்_மேரி:
கணேசன் சார், விஷயம் சரி. அம்மாவை நினைத்துப் பதறுகிறவரை அதட்ட வேண்டாமே.

சிவகாசி_முருகன்:
62 வயது. உட்கார்ந்தால் 94. 84 உட்கார்ந்தபடி பார்த்ததுதான், வந்த உடனே. சாயந்திரம் கால் வீங்கும், வயதால் என்று நினைத்தோம். எக்கோ எடுக்கவில்லை. பீடி, சிகரெட் கிடையாது, விறகடுப்பு 35 வருடம்.

திருச்சி_ஜெகன்:
மிஷின் வாங்கிவிடுங்கள் முருகன். அப்பா தினமும் 15 மணி நேரம் போடுகிறார், நன்றாக இருக்கிறார்.

கணேசன்_மூத்த உறுப்பினர்:
அந்த 15 மணி நேரக் கணக்கு 1981இல் வந்த பிரிட்டிஷ் ஆய்விலிருந்து வந்தது. சும்மா இருக்கும்போதே ஆக்சிஜன் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கானது. நடந்தால் மட்டும் இறங்குகிறவர்களையும் சேர்த்து 738 பேரிடம் அமெரிக்காவில் பார்த்தார்கள், 2016இல் முடிவு வந்தது. ஆக்சிஜன் கொடுத்ததால் மரணமும் குறையவில்லை, மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை.

திருச்சி_ஜெகன்:
738 பேரில் என் அப்பா இல்லை சார். மிஷின் இருப்பதால்தான் அவர் தைரியமாகக் குளியலறைக்குப் போகிறார். அதற்கு மதிப்பில்லையா?

கணேசன்_மூத்த உறுப்பினர்:
உங்கள் அப்பாவுக்கு உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு? அதைச் சொல்லாமல் வாதம் செய்ய முடியாது.

திருச்சி_ஜெகன்:
86.

கணேசன்_மூத்த உறுப்பினர்:
அப்படியென்றால் அவருக்கு அது தேவைதான். இந்த அம்மாவுக்கு 94. இரண்டும் ஒன்றல்ல.

ரயில்வே_ராமன்:
நுரையீரல் இரத்தக் குழாய் அழுத்தத்துக்கு சில்டெனாஃபில் மாத்திரை இருக்கிறதே? எங்கள் தெருவில் ஒருவர் சாப்பிடுகிறார்.

நர்ஸ்_மேரி:
வேண்டாம் சார், மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. காற்றுப் போகாத பகுதியில் சுருங்கியிருக்கும் குழாயையும் அது திறந்துவிடும். இரத்தம் ஆக்சிஜன் எடுக்காமலே திரும்பி, அளவு இன்னும் இறங்கலாம்.

முருகன் தம்பி, நுரையீரல் மருத்துவரிடம் இரண்டு கேளுங்கள்: வலது பக்க அழுத்தம் பார்க்கும் எக்கோ, ஆறு நிமிட நடைச் சோதனை. கால் வீக்கத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம், பயந்துபோய் அம்மாவைக் கட்டிலிலேயே உட்கார வைத்துவிடாதீர்கள். நடக்காமல் இருந்தால் கால் தசை வற்றி, அதே பத்தடிக்கு இன்னும் அதிகம் மூச்சு வாங்கும். பயிற்சியால் நுரையீரல் மாறாது, ஆனால் தசை தேறினால் அதே நடைக்கு மூச்சின் தேவை குறையும். பிசியோ பக்கத்தில் இருந்து அளவு பார்த்துக்கொண்டே செய்ய வைக்க வேண்டும். மூச்சு வாங்கும்போது உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லுங்கள், தேங்கிய காற்று வெளியேற நேரம் கிடைக்கும்.

கணேசன்_மூத்த உறுப்பினர்:
இன்ஹேலர் போடும் முறையையும் யாராவது நேரில் பார்க்கட்டும். 'ஒழுங்காக எடுக்கிறார்' என்று வீட்டில் சொல்வதை நான் நம்புவதில்லை.

சிவகாசி_முருகன்:
இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எக்கோவில் வலது பக்க அழுத்தம் கொஞ்சம் கூடுதல். ஆறு நிமிடத்தில் 210 மீட்டர், 83 வரை இறங்கியது. ஹீமோகுளோபின் 11.8. மிஷின் இப்போது வேண்டாம் என்றார்கள். வாரம் மூன்று நாள் பிசியோ. இன்ஹேலர் தப்பாகத்தான் போட்டிருக்கிறார், கணேசன் சார். மேரி அக்காவுக்கு நன்றி.

திருச்சி_ஜெகன்:
சந்தோஷம் முருகன். அந்த பிசியோ எந்த ஊரில்? அப்பாவுக்கும் கேட்கிறேன்.

திருச்சி_ஜெகன்:
முருகன், பார்த்தால் சொல்லுங்கள்.