லூவரில் ஒரே நாள்: மோனா லிசாவைப் பார்ப்பதா, விட்டுவிடுவதா?

புதுப்பயணி:
பாரிசில் எங்களுக்கு மொத்தம் மூன்று நாள். அதில் ஒரு நாள் லூவர் அருங்காட்சியகத்துக்கு. நான், கணவர், பத்து வயது மகன், அறுபத்தெட்டு வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. கணவர் பிரபலமான இருபது படைப்புகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார், மோனா லிசாதான் முதலில். ஒரே நாளில் அத்தனையும் முடியுமா என்று எனக்குச் சந்தேகம். இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தச்சன்:
பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் அக்கா. அங்கே காட்சியில் இருப்பவை மட்டும் ஏறக்குறைய 35,000. டெனோன், சுல்லி, ரிஷ்லியூ என்று மூன்று பகுதிகள். அரண்மனையாக இருந்த கட்டடம் என்பதால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பதே பெரிய வேலை, நடுவில் படிக்கட்டுகள் வேறு. இருபதையும் தேடி ஓடினால் அம்மாவின் கால் மதியத்துக்குள் வீங்கிவிடும்.

என் யோசனை: ரிஷ்லியூ ஒன்றே போதும், மோனா லிசா வேண்டாம். 77க்கு 53 சென்டிமீட்டர் பலகை, முன்னால் கண்ணாடி, அதற்கும் முன்னால் தடுப்பு, தடுப்புக்கு இந்தப் பக்கம் கைபேசியை உயர்த்திப் பிடித்த கூட்டம். நெரிசல் தாங்காமல்தான் அதற்குத் தனி அறை அமைக்கப்போவதாக 2025 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் மக்ரோனே அறிவித்தார்.

மாலைவெயில்:
இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. திரும்பத் திரும்பப் போகக் கிடைத்தவர் ‘அதை விட்டுவிடுங்கள்’ என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்த அம்மா இன்னொரு முறை பாரிசுக்கு வருவார்களா? பாடப்புத்தகத்திலும் காலண்டரிலும் வாழ்நாள் முழுக்கப் பார்த்த முகம். ஊர் திரும்பியதும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். ‘வாசல் வரை போனோம், பார்க்கவில்லை’ என்று அவர்களைச் சொல்ல வைப்பது சரியில்லை.

கூட்டத்துக்கு வழி இருக்கிறது. லூவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் மாலை 6 மணிக்கு மூடுவார்கள், புதனும் வெள்ளியும் மட்டும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். அந்த இரண்டு நாளில் ஒன்றை எடுத்து, ஏழு மணிக்கு மேல் அந்த அறைக்குப் போங்கள். பகல் முழுக்க வந்த குழுக்கள் அதற்குள் பெரும்பாலும் கிளம்பியிருக்கும்.

அப்புறம், அங்கே திரும்பி நின்று எதிர்ச் சுவரையும் பாருங்கள். வெரோனேசே வரைந்த கானா ஊர் கலியாணம், ஏறக்குறைய பத்து மீட்டர் அகலம், லூவரிலேயே பெரிய ஓவியம். இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய அந்த விருந்தில் ஓர் ஆள் ஜாடியிலிருந்து ஜாடிக்கு ஊற்றிக்கொண்டிருப்பார். பலரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

கல்தச்சன்:
நீங்கள் சொல்வது எனக்குத்தான் சாதகம். பத்து மீட்டர் ஓவியத்தையே கவனிக்க விடாத கூட்டம் அது.

தம்பிக்குப் பத்து வயது என்கிறார்கள். அவனை ரிஷ்லியூ தரைத்தளத்தில் கோர்சாபாத் முற்றத்துக்கு அழைத்துப் போங்கள். இன்றைய ஈராக்கில் இருந்த அசீரியப் பேரரசின் மன்னன் இரண்டாம் சர்கோனின் அரண்மனை வாசலில் நின்ற காளைகள், மனித முகமும் இறக்கையும் கொண்டவை, நான்கு மீட்டருக்கு மேல் உயரம். காலை எண்ணச் சொல்லுங்கள். ஐந்து வரும்! எதிரில் நின்று பார்த்தால் இரண்டு கால் ஊன்றி நிற்கும், பக்கவாட்டில் பார்த்தால் நான்கு காலோடு நடக்கும். இரண்டு பார்வைக்குமாகச் சேர்த்து அந்தச் சிற்பி ஒரு காலை அதிகம் செதுக்கியிருக்கிறான். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தே அரை மணி நேரம் நின்றேன்.

அருகிலேயே பாபிலோன் மன்னன் ஹம்முராபி தன் சட்டங்களைப் பொறித்து வைத்த கல். இரண்டேகால் மீட்டர் கருங்கல், உச்சியில் சூரியக் கடவுளின் முன் அரசன் நிற்கிறான், கீழே முழுக்க ஆப்பெழுத்து, அதாவது ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன பழைய எழுத்து. நம் கோயில் சுவரில் கல்வெட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவே இருக்காது. கீழ்ப்பகுதியில் ஓர் இடம் மட்டும் மொழுமொழுவென்று வெறுமையாக இருக்கும். கல்லைக் கொள்ளையடித்து, இன்றைய ஈரானில் இருந்த சூசா நகருக்குக் கொண்டுபோனவர்கள் எழுத்தைச் சுரண்டிய இடம். இதையெல்லாம் நிறைந்த மனதோடு பார்த்துவிட்டு வந்தால் போதாதா?

நூலிழை:
அம்மாவைப் பற்றி யாருமே பேசவில்லையே. சக்கர நாற்காலியை அங்கேயே இலவசமாக இரவல் தருகிறார்கள், கேட்கத் தயங்காதீர்கள். மின்தூக்கிகளும் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம், ஆனாலும் மகனுக்கும் நேரம் முன்பதிவு செய்துவிடுங்கள். எந்தெந்த அறைகள் அன்று மூடியிருக்கும் என்பதை அவர்களின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நம் ஊர் நடராசரைப் பாரிசில் பார்க்க ஆசை இருந்தால் லூவரில் தேடாதீர்கள். ஆசியக் கலைப்பொருட்களை 1945இல் கிமே அருங்காட்சியகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு வேறொரு நாள்.

மாலைவெயில்:
கல்தச்சன், அந்தக் காளைகள் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் ஒன்றைப் பார்க்க மற்றொன்றை ஏன் விட வேண்டும்? மோனா லிசா அறையை விட்டு வெளியே வந்தால் நீண்ட கூடத்தில் லியோனார்டோவின் வேறு ஓவியங்களும் இருக்கின்றன. ‘பாறைகளின் கன்னி’யின் முன்னால் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். தடுப்பும் தள்ளுமுள்ளும் இல்லாமல் அதே கை வரைந்ததைப் பக்கத்தில் பார்க்கலாம். மோனா லிசாவைத் தேடி வந்தவருக்குத்தான் அந்தக் கூடமும் கிடைக்கும்.

கல்தச்சன்:
‘பாறைகளின் கன்னி’யைச் சொன்னால் மறுக்க மாட்டேன். இரண்டும் பார்க்கட்டும். ஆனால் வரிசை ரிஷ்லியூவில் தொடங்கட்டும். களைத்துப்போன கண்ணால் அந்தக் காளைகளைப் பார்க்கக் கூடாது.

புதுப்பயணி:
எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு முன்பதிவு செய்துவிட்டோம். முதலில் ரிஷ்லியூ, பிறகு உட்கார்ந்து ஓய்வு, ஏழரைக்கு மோனா லிசா. கணவரின் பட்டியல் இருபதிலிருந்து ஆறாகக் குறைந்தது, அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மோனா லிசாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ‘எழுத்தைச் சுரண்டின இடம்னு சொன்னாரே, அது கல்லோட எந்தப் பக்கம்?’ என்றார்.

கல்தச்சன்:
முன்பக்கம்தான் அம்மா, அடியில். 227ஆம் அறை.