புது லேப்டாப்பில் கம்பெனி ஏற்றி அனுப்பிய குப்பை: ஒவ்வொன்றாக நீக்கவா, ஃபார்மட் அடிக்கவா?

வாசல்படி:

12ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். ஆஃபிஸ் ஹோம் 2024 உண்டு என்று பெட்டியில் போட்டிருக்கிறது, இன்னும் திறக்கவில்லை. வாங்கி மூன்று நாள்தான் ஆகிறது. எதையும் திறக்காமல் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தாலே 5 ஜிபி ரேம் போயிருக்கிறது. மெக்காஃபி அரை மணிக்கொரு முறை எட்டிப் பார்க்கிறது.

ஃபார்மட் அடித்தால் விண்டோஸ் லைசன்ஸும் ஆஃபிஸும் போய்விடுமா? இல்லை, கண்ட்ரோல் பேனலில் போய் வேண்டாததை நீக்கினாலே போதுமா? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

திருப்புளி:

விண்டோஸ் லைசன்ஸ் எங்கும் போகாது தம்பி. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே கம்பெனி லேப்டாப்புகளில் லைசன்ஸ் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (போர்டில் பதித்திருக்கும் அடிப்படை மென்பொருள்) எழுதப்பட்டு வருகிறது. இன்ஸ்டால் செய்யும்போது அமைப்பே அதைப் படித்து, ஹோம் சிங்கிள் லாங்குவேஜைத் தானாகத் தேர்ந்துகொள்ளும். நெட் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். கீயை எங்கும் எழுதி வைக்க வேண்டியதில்லை.

ஆஃபிஸ் கதை வேறு. அதை ஃபார்மட்டுக்கு முன்பே ஆக்டிவேட் செய்துவிடுங்கள். வேர்டைத் திறந்து, நீண்ட நாள் வைத்திருக்கப்போகும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். பிறகு பிரவுசரில் அதே கணக்கின் சர்வீசஸ் பக்கத்தில் ஆஃபிஸ் ஹோம் 2024 என்ற பெயர் வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365 டிரயல் மட்டும் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். கணக்கில் ஏறிவிட்டால், பிறகு எத்தனை முறை அழித்தாலும் அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

ஃபார்மட் முறை:

1. 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ். மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூலை ஓட்டினால் அதுவே தயார் செய்துவிடும். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும்.

2. இப்போது இருக்கும் டிரைவர்களை (வைஃபை, டச்பேட் போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) காப்பி எடுங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, பிஎன்பியூடில் கட்டளையை எக்ஸ்போர்ட் டிரைவர் என்ற தெரிவோடு கொடுத்தால் விண்டோஸோடு வராத டிரைவர் முழுவதும் ஒரு ஃபோல்டரில் விழும். சில ஜிபி வரும். அந்த ஃபோல்டரை இன்னொரு பென்டிரைவில் வையுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் பிறகு வைஃபை இல்லை, டச்பேட் இல்லை என்று வருகிறார்கள்.

3. பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்க பூட் மெனு: டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) போய் முதலில் அதை இயக்க வேண்டியிருக்கும். செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) அணைக்கத் தேவையில்லை.

4. பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவுகள்) பட்டியலில் அந்த எஸ்எஸ்டியில் உள்ள எல்லாவற்றையும் நீக்கி, அன்அலகேட்டட் என்று ஒரே துண்டாக வந்ததும் அதைத் தேர்ந்து நெக்ஸ்ட். சின்னச் சின்ன பார்ட்டிஷன்களை அதுவே போட்டுக்கொள்ளும். பட்டியலில் பென்டிரைவும் ஒரு டிஸ்க்காகத் தெரியும். அளவைப் பார்த்துவிட்டு நீக்குங்கள்.

நிதானம்:

திருப்புளி அண்ணன் சொன்ன படிகள் சரி. ஆனால் கேட்டவருடைய பிரச்சினைக்கு இது ஈயை அடிக்க உலக்கை எடுப்பது போல.

முதலில் அந்த 5 ஜிபி. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் விண்டோஸ் 11ஐச் சுத்தமாகப் போட்டாலும் சும்மா இருக்கும்போதே 3 ஜிபிக்குக் கீழே போவது அரிது. ஆக ஃபார்மட்டால் மிச்சமாகக்கூடியது ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு ஜிபி. அதில் பெரும்பங்கு ஆன்டிவைரஸை எடுத்தாலே வந்துவிடும். ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு 8 ஜிபி போடுவதுதான் உண்மையான மருந்து.

இரண்டாவது, மைக்ரோசாஃப்ட்டின் பென்டிரைவிலிருந்து போட்டாலும் குப்பை இல்லாமல் வராது. கிளிப்சாம்ப், சாலிடேர், லிங்க்ட்இன், ஒன்டிரைவ் எல்லாம் ஸ்டார்ட் மெனுவில் வந்து உட்காரும். கம்பெனிக் குப்பை போய் மைக்ரோசாஃப்ட் குப்பை மிஞ்சும், அவ்வளவுதான்.

மூன்றாவது, ஃபார்மட்டில் போய்விடுகிற நல்லவையும் உண்டு. ஸ்பீக்கர் ஒலி டியூனிங் அதில் ஒன்று. விண்டோஸ் அப்டேட் தரும் பொதுவான ஆடியோ டிரைவரில் பாட்டு தகர டப்பாவுக்குள் ஒலிப்பது போல் இருக்கும். கம்பெனி தளத்தில் உங்கள் மாடலுக்கென்று இருக்கும் டிரைவரைப் போட்டால்தான் சரியாகும். டிஸ்ப்ளேவுக்குத் தொழிற்சாலையில் ஏற்றிய கலர் புரொஃபைல் சில மாடல்களில் உண்டு, அதுவும் போகும். எஸ்எஸ்டியின் கடைசியில் இருக்கும் ரிகவரி பார்ட்டிஷனும் போகும். எச்பி, டெல், லெனோவோவில் அதை மறுபடி இறக்கிக்கொள்ள அவரவர் தளத்திலேயே கருவி தருகிறார்கள் என்பது ஆறுதல்.

நீக்கும் வரிசை இது. மெக்காஃபியை செட்டிங்ஸ், ஆப்ஸ் வழியாக நீக்கி ரீஸ்டார்ட். அதோடு போய்விட்டால் நல்லது. பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஏதாவது மிச்சமிருந்தால் மெக்காஃபியே தரும் எம்சிபிஆர் என்ற நீக்கும் கருவியை ஓட்டி, மறுபடி ரீஸ்டார்ட். நார்ட்டனாக இருந்தால் அதற்கும் அவர்களுடைய கருவி தனியாக உண்டு. பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் இயங்குகிறதா என்று பாருங்கள். வேறு ஆன்டிவைரஸ் இல்லை என்றானதும் அது தானாகவே எழுந்துகொள்ளும். இந்த இரண்டு ரீஸ்டார்ட்டுக்கு நடுவில் மற்ற எதையும் நீக்க வேண்டாம்.

உங்கள் பட்டியலைப் போடுங்கள், எது இருக்க வேண்டும் எது போக வேண்டும் என்று பார்ப்போம்.

கீழவீதி:

நடுவில் ஒரு வழியும் இருக்கிறதே, விண்டோஸ் செட்டிங்ஸில் உள்ள ரீசெட் திஸ் பிசி? பென்டிரைவே வேண்டாம்.

நிதானம்:

இருக்கிறது, ஆனால் ஒரு பொறி உண்டு. கம்பெனி தன் மென்பொருள்களை சி டிரைவில் ரிகவரி என்ற மறைந்த ஃபோல்டருக்குள் தனிப் பொட்டலமாக வைத்திருக்கும். ரீசெட் செய்தால் விண்டோஸ் அதைப் பிரித்துத் திரும்பப் போட்டுவிடும். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து பார்த்தால் அதே மெக்காஃபி வணக்கம் சொல்லும். ரீசெட்டின்போது கூடுதல் செட்டிங்ஸில் கம்பெனி ஆப்களைத் திருப்பிப் போடவா என்ற தெரிவு தெரிந்தால் வேண்டாம் என்று வையுங்கள். அந்தத் தெரிவே தெரியாத மாடலில் ரீசெட்டால் பயனில்லை.

வாசல்படி:

பட்டியல் இதோ: மெக்காஃபி, எக்ஸ்பிரஸ்விபிஎன், டிராப்பாக்ஸ் சலுகை, வைல்ட்டேன்ஜென்ட் கேம்ஸ், புக்கிங் ஷார்ட்கட், கம்பெனியின் சப்போர்ட் ஆப், ரியல்டெக் ஆடியோ கன்சோல், இன்டெல் மேனேஜ்மென்ட் இன்ஜின், இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டர், இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ், ஹாட்கீ என்று ஒன்று.

நிதானம்:

முதல் ஐந்தும் போகட்டும். யோசிக்கவே வேண்டாம்.

சப்போர்ட் ஆப் இருக்கட்டும். லெனோவோவில் வான்டேஜ், ஏசுஸில் மைஏசுஸ் என்று பெயர் மாறும். பயாஸ் அப்டேட் அதன் வழியாகத்தான் எளிதாக வரும். பேட்டரி 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியும் பல மாடல்களில் அதற்குள்தான் இருக்கிறது. எப்போதும் சார்ஜரில் மாட்டியே ஓட்டுபவருக்கு அந்த ஒன்றுக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம். தொல்லை செய்தால் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் அணைத்து வையுங்கள், வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

ஹாட்கீயைத் தொடாதீர்கள். பிரைட்னஸ், மைக் மியூட், விமானப் பயன்முறை பொத்தான்கள் சில மாடல்களில் அதை நம்பித்தான் இயங்குகின்றன. நீக்கிவிட்டு கீபோர்டு கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப்போவது வழக்கமான கூத்து.

இன்டெல் மேனேஜ்மென்ட் இன்ஜின், ரேபிட் ஸ்டோரேஜ் இரண்டும் டிரைவர் சார்ந்தவை. ரேமும் பெரிதாகத் தின்னாது. அப்படியே கிடக்கட்டும். ரியல்டெக் கன்சோலும் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டரும் வெறும் முகப்புகள். எடுத்தாலும் டிரைவர் நிற்கும், ஆனால் எடுப்பதால் லாபமும் இல்லை.

கணினியில் இரண்டாவது யூசர் கணக்கு உருவாக்கப்போகிறீர்களா? ஸ்டோர் வகை ஆப்களை நீங்கள் நீக்கினால் உங்கள் கணக்கில் மட்டும்தான் போகும். புதிய யூசருக்கு மறுபடி முளைக்கும். பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் புரொவிஷன்டு பேக்கேஜாகவே (புதிய யூசர்களுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் பிரதி) நீக்கினால்தான் முளைக்காது. இதையெல்லாம் ஒரே சொடுக்கில் செய்கிறேன் என்று வரும் டீப்ளோட் (குப்பை நீக்கும்) ஸ்கிரிப்ட்களைப் படிக்காமல் ஓட்டாதீர்கள். சிலவை ஸ்டோரையே பெயர்த்துவிடும். அதைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் ஃபார்மட்டே அடித்திருக்கலாம்.

துருவன்:

"நீக்கினால் போதும்" என்பதற்கு ஒரு விதிவிலக்கு. 2014 இறுதியில் விற்ற சில லெனோவோ மாடல்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் ஏற்றப்பட்டிருந்தது. பாதுகாப்பான இணையத் தளங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைப்பதற்காக அது விண்டோஸில் தன் சொந்த ரூட் சான்றிதழையே (எந்தத் தளத்தை நம்பலாம் என்று விண்டோஸ் தீர்மானிக்க அடிப்படையாக இருப்பது) பதித்துவைத்தது. எல்லாக் கணினியிலும் ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியானபோது, மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தவர்களின் கணினியிலும் சான்றிதழ் அப்படியே இருந்தது. அதைத் தனியாகத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. அன்இன்ஸ்டால் என்பது அந்த மென்பொருள் தன்னைப் பற்றி ஒப்புக்கொண்டதை மட்டுமே அழிக்கும்.

"ஃபார்மட் போதும்" என்பவர்களுக்கும் ஒன்று. விண்டோஸ் 8 முதல் டபிள்யூபிபிடி என்ற வசதி இருக்கிறது. ஃபர்ம்வேரில் வைத்த ஒரு நிரலை விண்டோஸ் பூட் ஆகும்போது எடுத்து ஓட்டும். திருட்டுப்போன கணினியைத் தேடும் மென்பொருள் போன்றவற்றுக்காக வந்தது. 2015இல் லெனோவோவின் சர்வீஸ் இன்ஜின் இப்படித்தான் சுத்தமாகப் போட்ட விண்டோஸுக்குள்ளும் திரும்பி வந்தது. பிறகு பயாஸ் அப்டேட் கொடுத்து எடுத்தார்கள். இன்றும் ஏசுஸ் மதர்போர்டுகளில் புது விண்டோஸ் போட்டதும் ஏசுஸின் சொந்த மென்பொருளான ஆர்மரி கிரேட் போடவா என்று கேட்பது எஸ்எஸ்டியில் மிஞ்சிய எதனாலும் அல்ல, பயாஸ் சொல்லித்தான். பயாஸுக்குள் அதற்கு ஒரு தெரிவு இருக்கும், அணைத்தால் நின்றுவிடும். எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் நிற்காது.

நீக்கி முடித்ததும் தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும் மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ் கருவியை ஒருமுறை ஓட்டி, மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். ஷெட்யூல்டு டாஸ்க் பகுதியில்தான் வால்கள் அதிகம் ஒட்டியிருக்கும்.

வாசல்படி:

அப்போது நீக்கும் வழியிலேயே போகிறேன். பின்னால் எப்போதாவது ஃபார்மட் தேவைப்பட்டால் 12ஆம் தலைமுறையில் எஸ்எஸ்டியே தெரியாது என்கிறார்களே, அது என்ன?

திருப்புளி:

நான் விட்டுவிட்டேன், நல்லவேளை கேட்டீர்கள். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்புகளில் எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிய நிலையில் வருகிறது. எஸ்எஸ்டி அதன் பின்னால் நிற்பதால் விண்டோஸ் இன்ஸ்டாலருக்குப் பல சமயம் கண்ணில் படாது. பட்டியல் காலியாக இருக்கும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

அந்தத் திரையிலேயே லோட் டிரைவர் கொடுத்து, ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் ஃபோல்டரைக் காட்டினால் தெரிந்துவிடும். கம்பெனி தளத்தில் இறக்கும் இஎக்ஸ்இ கோப்பை அப்படியே வைத்தால் இன்ஸ்டாலர் சீந்தாது. பிரித்தெடுத்து ஐஎன்எஃப் கோப்புகள் உள்ள ஃபோல்டராக வைக்க வேண்டும். மேலே சொன்ன எக்ஸ்போர்ட்டை எடுத்து வைத்திருந்தால் இந்த டிரைவரும் அதற்குள்ளேயே இருக்கும்.

பயாஸில் விஎம்டியை அணைப்பது இன்னொரு வழி. ஆனால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை வைத்துக்கொண்டு அதை அணைத்தால் நீலத் திரையில் நிற்கும். டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் வசதி) இயங்கினால் 48 இலக்க ரிகவரி கீயும் கேட்கலாம். கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முழுதாக அழித்துப் போடும்போது மட்டும் தொடுங்கள்.

இன்ஸ்டால் முடிந்தபின் நெட் இல்லாமல் அடுத்த திரைக்குப் போக விடாது. பழைய குறுக்குவழிகளை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறது, அவற்றை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு போனை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டைக் கணினிக்குப் பகிர்வது) போட்டால் டிரைவர் இல்லாமலே நெட் வரும். ஐபோனுக்கு ஆப்பிள் டிரைவர் தேவைப்படும் என்பதால் அங்கே உதவாது.

மூன்று நாள்தான் ஆகிறது என்றீர்களே, கடையின் மாற்றித்தரும் கெடு முடியும்வரை ஃபார்மட் பக்கமே போகாதீர்கள். டெட் பிக்சல், கீபோர்டு, எல்லா யூஎஸ்பி போர்ட், கேமரா, மைக் அத்தனையையும் கம்பெனி போட்டுக் கொடுத்த விண்டோஸிலேயே பார்த்துவிடுங்கள். டிரைவர் எக்ஸ்போர்ட்டை மட்டும் இன்றே எடுத்து வையுங்கள்.