புதர்நடைக்கு மழை ஜாக்கெட்: மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

வாம்பாட்:
டாஸ்மேனியாவில் பல நாள் நடக்கும் மலைப்பாதை, ஓவர்லேண்ட் டிராக், முதல் நாள். மரியன்ஸ் லுக்கவுட் மேட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜனவரிதான், ஆனால் டாஸ்மேனியாவாச்சே, ஆலங்கட்டி படுக்கைவாட்டில் அடிக்கிறது. ஜாக்கெட் அட்டையில் 20,000 மி.மீ. என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். வழியிலிருக்கும் கிச்சன் ஹட் குடிசையில் கழற்றிப் பார்த்தால், உள்பக்கம் தோள் நெடுக வெள்ளை வெள்ளையாக உரிந்து சட்டையெல்லாம் செதில். பை வார் உட்காரும் இடம் மட்டும், அளவெடுத்த மாதிரி. மற்ற இடமெல்லாம் புதுசு. கடையில் ஒருத்தர்கூட வாரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஈரச்சாக்ஸ்:
வாரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். உங்களுடையது இரண்டரை லேயராக இருக்கும். உள்ளே துணி கிடையாது, வெறும் பியூ (பாலியூரித்தேன்) பிளாஸ்டிக் பூச்சுதான். வியர்வையும் சூடும் பட்டுப் பட்டு அது தானாகவே உரியும், வார் அதைச் சீக்கிரமாக்கும், அவ்வளவுதான். மூன்று லேயரில் உள்பக்கமும் துணி ஒட்டியிருக்கும். 20,000 என்பது 20 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைப் புதுத்துணி தாங்கும் என்ற கணக்கு. நாள்பட்ட துணிக்கு அந்தக் கணக்கு செல்லாது.

முள்ளுக்குத்தி:
லேயர் கணக்கெல்லாம் நல்ல பாதையில் நடப்பவர்களுக்கு. டாஸ்மேனியாவின் வெஸ்டர்ன் ஆர்தர்ஸ் மலைத்தொடரில் ஸ்கோபாரியா என்ற முள் மாதிரி குத்தும் புதருக்குள் புகுந்தேன். இறகு மாதிரி எடையில்லாத ஜாக்கெட், எல்லாரும் புகழ்ந்தது. டர்ரென்று ஒரு சத்தம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்து, கை வெளியே. புதர் வழி என்றால் எடையைப் பார்க்காதீர்கள், கனத்த துணி, தொடை வரை நீளம். மூன்று லேயரும் கிழியும் சார்.

தூறல்:
எனக்கு உள்ளே நனைந்தது, அதுவும் வியர்வை. அக்குள் ஜிப் இல்லை. சரி, அதை விடுங்கள். எல்லாரும் ஜாக்கெட்டைத் துவைக்கிறீர்களா? வெளித்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் ஊறினால், உள்ளே தண்ணீரைத் தடுக்கும் படலம் சரியாக இருந்தாலும் ஆவி வெளியேறாது, ஒழுகுகிறது என்று நினைப்போம். அழுக்கும் எண்ணெயும்தான் காரணம். மென்மையான சோப்பு போதும், துணி மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது, இரண்டு முறை அலசுங்கள். அட்டையில் அனுமதி இருந்தால் டிரையரில் குறைந்த சூட்டில் போடுங்கள், வெளிப்பக்கத்து நீர்விலக்கும் பூச்சு கொஞ்சம் உயிர் பெறும். அப்படியும் ஊறினால் நீர்விலக்கும் ஸ்பிரே. அப்புறம் பையில் சுருட்டித் திணித்தபடியே மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தொங்கவிடுங்கள்.

வாம்பாட்:
நான் துவைப்பதைப் பற்றிக் கேட்கவே இல்லையே. உரிந்ததை ஒட்ட வழி இருக்கிறதா?

ஈரச்சாக்ஸ்:
இல்லை. அடுத்ததை வாங்கும்போது பையையும் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள், பையின் இடுப்புப் பட்டைக்கு அடியில் ஜாக்கெட் பாக்கெட் மாட்டிக்கொள்ளும்.