அப்புத்தளைக்கு அறுபத்தெட்டு வயது அம்மாவை அழைத்துச் செல்வது எப்படி?

கோத்தகிரிக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா பிறந்தது இலங்கையின் ஊவா மாகாணத்தில் அப்புத்தளைக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1972இல் தாத்தா குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் சில வாரங்கள் இருந்து, பிறகு நீலகிரிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அம்மாவுக்குப் பதினான்கு வயது. அதன் பிறகு ஒருமுறைகூட அவர் அங்கே போனதில்லை. வரும் பிப்ரவரியில் திருச்சியிலிருந்து விமானத்தில் கொழும்புக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன்.

அவருக்கு முழங்கால் வலி உண்டு. அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க இயலாது. கொழும்பிலிருந்து ரயிலில் போவது நல்லதா, வாடகைக் காரில் போவது நல்லதா? லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சிமுனை வரை வண்டி போகுமா? எல்லாவற்றுக்கும் மேலான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. அம்மா தம் தோட்டத்தை 'மேல்மலைத் தோட்டம்' என்றே சொல்கிறார். அந்தப் பெயரை எந்த வரைபடத்திலும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ரயில்பித்தன்:

நான் இருமுறை போயிருக்கிறேன். ரயிலைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. கொழும்பு கோட்டை நிலையத்தில் காலையில் புறப்படும் பதுளை ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் அப்புத்தளையை அடையலாம். நானுஓயாவைத் தாண்டிப் பட்டிப்பொல நிலையத்தை நெருங்கும்போது பாதை கடல்மட்டத்திலிருந்து 1,898 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. இலங்கை ரயில் பாதையின் உச்சி அதுதான். அதற்கடுத்த சுரங்கத்துக்குள் நுழையும்போது மழையும் மூடுபனியுமாக இருந்த வானம், வெளியே வந்ததும் வெயிலாக மாறியிருப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஒஹிய நிலையத்துக்குப் பிறகு வலப்பக்க சன்னலோரம் இடம் கிடைத்தால் தெற்கே தாழ்நிலம் முழுவதும் காலடியில் விரிந்து கிடப்பதைக் காணலாம். முன்பதிவு முப்பது நாட்களுக்கு முன்பே திறக்கிறது. திறந்த சிறிது நேரத்திலேயே தீர்ந்தும் விடுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பண்டாரவளை வாசி:

மேலே எழுதிய நண்பர் சொன்ன அழகு உண்மைதான். ஆனால் முழங்கால் வலியுள்ள ஓர் அம்மாவுக்கு அந்த ஒன்பது மணி நேரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்பதிவு கிடைக்காமல் மூன்றாம் வகுப்பில் ஏறினால் நின்றுகொண்டே வர வேண்டியிருக்கும். மேலும், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. ஆகவே எந்த ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்பதைப் புறப்படும் வாரத்தில் விசாரித்தறிந்த பின்னரே திட்டமிடுங்கள்.

காரில் வருவதானால் அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பெரகலைச் சந்தி வரை ஏ4 வீதியில் வந்து, அங்கிருந்து இடப்பக்கம் ஏறும் ஏ16 வீதியைப் பிடித்தால் சற்று நேரத்தில் ஊருக்குள் வந்துவிடலாம். வழியில் நின்று சாப்பிட்டு வந்தாலும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகத்தான் ஆகும். ரயில் ஆசையைத் தீர்த்துக்கொள்ள விரும்பினால், ஓட்டம் இருக்கும் பட்சத்தில், ஊரில் தங்கியிருக்கும்போது அப்புத்தளையிலிருந்து இதல்கஸ்ஹின்ன வரை, ஒரே ஒரு நிலையம், போய் வாருங்கள். அந்த நிலையம் ஒரு மலைமுதுகின்மேல் அமைந்திருப்பதால் மேடையில் நின்றபடியே இருபுறத்துப் பள்ளத்தாக்குகளையும் பார்க்கலாம். அம்மா நடக்க வேண்டிய தேவையே இல்லை.

லிப்டன் சீட்டைப் பொறுத்தவரை, ஊரிலிருந்து தம்பேதன்ன தொழிற்சாலை வரை பத்து கிலோமீட்டர், அங்கிருந்து மேலே இன்னுமோர் ஏழு கிலோமீட்டர். தொழிற்சாலையை 1890இல் கட்டியவர் தாமஸ் லிப்டன். முச்சக்கர வண்டி ஏறக்குறைய உச்சி வரை போகும். கடைசியில் சிறு நடைதான். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கீழிருந்து மூடுபனி எழும்பி எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால் விடிவதற்கு முன்பே புறப்பட்டுவிடுங்கள். ஊர் 1,400 மீட்டருக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. கோத்தகிரியின் உயரத்தில் வாழ்பவர்களுக்கு இங்குள்ள குளிர் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கணவாயில் அமைந்த ஊராகையால் காற்று பலமாக வீசும். காதை மூடிக்கொள்ள ஏதாவது எடுத்து வாருங்கள். பிப்ரவரி நல்ல மாதம். அக்டோபர், நவம்பர் மாதங்களை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தவில் நிலச்சரிவில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் புதைந்ததை நாங்கள் மறக்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை, அப்புத்தளை:

தோட்டத்தின் பெயரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். உங்கள் அம்மா சொல்வது தவறல்ல. இங்கே அநேகமாக ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு: ஒன்று வெள்ளைக்காரத் துரைமார் வைத்த, அலுவலகப் பதிவிலும் வரைபடத்திலும் உள்ள பெயர், மற்றொன்று நம் சனங்கள் தாமாகவே வைத்து இன்றுவரை வாய்வழியாக வழங்கிவரும் தமிழ்ப் பெயர். அதற்குள்ளும் ஒரு தோட்டம் பல டிவிசன்களாகப் பிரிந்திருக்கும். மேல்மலை, கீழ்மலை என்பவை பெரும்பாலும் டிவிசனைக் குறிக்கும் சொற்களே தவிர முழுத் தோட்டத்தின் பெயராக இருக்காது. 'மேல்மலை' என்று கேட்டுக்கொண்டு வந்தால் இம்மலைகளில் பல இடங்களுக்கு உங்களை அனுப்பி வைப்பார்கள். தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் மறுபடியும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போனதால், அலுவலகத்தில் பழைய ஆட்களின் விவரம் கிடைக்கும் என்று அதிகம் நம்பியிருக்க வேண்டாம்.

ஆகவே புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே தேடுங்கள். தாத்தாவின் கடவுச்சீட்டு, மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, இங்கிருந்து போன உறவினர் கடிதங்கள் ஆகியவற்றில் ஏதாவதொன்றில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் இருக்கக்கூடும். அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. கொழுந்து மடுவத்துக்கு (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகைக்கு) போகும் வழியில் ஆறு இருந்ததா? பெரட்டுக் களத்திலிருந்து (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்திலிருந்து) பார்த்தால் ரயில் தெரியுமா? மாரியம்மன் கோவில் லயத்துக்கு மேலே இருந்ததா, கீழே இருந்ததா? சம்பளம் வாங்கியதும் சாமான் வாங்க அப்புத்தளைக்கு வந்தார்களா, பண்டாரவளைக்குப் போனார்களா, அல்லது கீழே அல்தும்முல்லைக்கு இறங்கினார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கான விடை ஒன்றே பாதித் தோட்டங்களைக் கழித்துவிடும்.

இடம் தெரிந்தபின் நேராக லயத்துக்குப் போய் இறங்காமல், தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது முறை. அதன்பிறகு கோவிலில் போய் உட்கார்ந்து, தாத்தாவின் பெயரையும் அவர் எந்தக் கங்காணியின் பெரட்டில் வேலை செய்தார் என்பதையும் சொல்லுங்கள். எழுபது வயதைத் தாண்டிய யாராவது ஒருவர் வந்து சேருவார்.

அடிஷம் பங்களாவையும் பார்க்கலாம். சர் தாமஸ் வில்லியர்ஸ் என்பவர் 1931இல் கட்டி முடித்த கருங்கல் மாளிகை, இப்போது பெனடிக்டின் துறவியரின் மடமாக இருக்கிறது. வார இறுதியிலும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களிலும் போனால் திறந்திருக்கும் வாய்ப்பு அதிகம். துறவியர் தயாரிக்கும் பழப்பாகு அங்கே கிடைக்கும். ஆனால் மூன்று நாட்கள்தான் இருக்கின்றன என்றால், பங்களாவை விட்டுவிட்டு அந்த நேரத்தையும் தோட்டத்துக்கே ஒதுக்குங்கள்.

கோத்தகிரிக்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியை அம்மா எழுதிய கேள்விகளை நேற்றிரவு அம்மாவிடம் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். கோவில் லயத்துக்கு மேலே இருந்ததாம். பெரட்டுக் களத்திலிருந்து ரயில் தெரியாதாம், ஆனால் சத்தம் கேட்குமாம். கடைக்கு எப்போதும் அப்புத்தளைக்குத்தான் நடந்தே வந்தார்களாம், போக ஒரு மணி நேரம், மூட்டையோடு திரும்ப ஒன்றரை மணி நேரம். தாத்தாவின் இரும்புப் பெட்டியில் 1974இல் சித்தப்பா எழுதிய ஒரு கடிதம் கிடைத்தது. உறையின் பின்புறம் ஆங்கிலத்தில் தோட்டத்தின் பெயரும் 'அப்பர் டிவிசன்' என்பதும் இருக்கின்றன. பெயரைப் பொதுவில் எழுதாமல் ஆசிரியை அம்மாவுக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

கார் என்றே முடிவு செய்துவிட்டேன். பண்டாரவளை நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: பெரகலையிலிருந்து ஏறும் வீதியில் வளைவுகள் அதிகமா? அம்மாவுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும்; கோத்தகிரியில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் அது மட்டும் மாறவில்லை.

பண்டாரவளை வாசி:

அதிகம்தான். பெரகலைச் சந்தியில் இறங்கி ஓர் இஞ்சித் தேநீர் குடித்துவிட்டு, அம்மாவை முன் இருக்கையில் உட்கார வைத்து ஏறுங்கள்.