லோக்கல் லா 97: எங்கள் கோ-ஆப் கணக்கு 970 டன் காட்டுகிறது. 61,000 டாலர் அபராதம் நிஜமா?

ஆறாவது_மாடி
நியூயார்க்கில் கட்டட விவகாரம் தெரிந்தவர்கள் யாராவது கொஞ்சம் பாருங்கள். பெரிய கட்டடங்களின் கார்பன் வெளியேற்றத்துக்கு வரம்பு வைத்து, மீறினால் அபராதம் போடும் நகரச் சட்டமான லோக்கல் லா 97 பற்றித்தான் கேள்வி. குயின்ஸில் ஃப்ளஷிங் பக்கம் எங்கள் கோ-ஆப், அதாவது குடியிருப்பவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து வைத்திருக்கும் கட்டடம். 1950-களில் கட்டிய ஆறு மாடிச் செங்கல் கட்டடம், 108 வீடுகள், 110,000 சதுர அடி. கீழ்த்தளத்தில் கேஸ் பாய்லர், வீடுகளில் பழைய ஸ்டீம் ரேடியேட்டர். போர்டில் பொருளாளர் வேலைக்கு யாரும் கை தூக்காததால் அது என் தலையில் விழுந்தது.

மேனேஜ்மென்ட் கம்பெனி போன வாரம் ஒரு தாள் அனுப்பியது. நம் கட்டடத்தின் கார்பன் வெளியேற்றம் வருடத்துக்கு 970 மெட்ரிக் டன், வரம்பு 742.5 டன், ஆகவே அபராதம் வருடத்துக்குச் சுமார் 61,000 டாலர் என்று இருக்கிறது. அதோடு பாய்லரைத் தூக்கிவிட்டுக் கட்டடம் முழுக்க ஹீட் பம்ப் (மின்சாரத்தில் ஓடும் வெப்பமூட்டும் கருவி) போடுவதற்கு ஒரு கோட்டேஷனும் வந்திருக்கிறது, தொகையைச் சொன்னால் உங்களுக்கே மயக்கம் வரும், விட்டுவிடுகிறேன். அடுத்த போர்டு கூட்டத்திலேயே ஓட்டுக்கு விட வேண்டுமாம். வயதானவர்கள் நிறைய இருக்கிற கட்டடம், சிறப்பு வசூல் என்று ஆரம்பித்தால் சண்டைதான். இந்தக் கணக்கு சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பாய்லர்_ரூம்
கோட்டேஷனை மடித்து ஓரமாக வையுங்கள். முதலில் இரண்டு எண் வேண்டும், வருடத்துக்கு எத்தனை தெர்ம் கேஸ், எத்தனை கிலோவாட் மணி மின்சாரம். கட்டடங்களின் ஆற்றல் கணக்கை ஏற்றி வைக்கும் போர்ட்ஃபோலியோ மேனேஜர் இணையதளத்தில் உங்கள் கட்டடத்துக்கு எத்தனை மீட்டர் பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆறாவது_மாடி
உள்ளே நுழைய அனுமதி வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. மின்சாரம் 600,000 கிலோவாட் மணி. கேஸ் 150,000 தெர்ம். மின்சாரத்துக்கு ஒரு மீட்டர், கேஸுக்கு இரண்டு. ஒன்றில் 80,000, இன்னொன்றில் 70,000.

பாய்லர்_ரூம்
இங்கேதான் இருக்கிறது வில்லங்கம் என்று நினைக்கிறேன். மின்சாரமும் கேஸும் தரும் கான் எடிசன் கம்பெனியிடம் கட்டடம் முழுமைக்குமான தொகுப்புக் கணக்கு கேட்டால், பாய்லர் மீட்டர், வீட்டு அடுப்பு மீட்டர் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருவார்கள். உங்கள் 80,000 அதுவாக இருக்க வேண்டும். 70,000 என்பது பாய்லர் பில்லை மட்டும் பார்த்து யாரோ பழைய காலத்தில் கையால் ஏற்றிய மீட்டர், தொகுப்புக் கணக்கு வந்த பிறகும் அதை மூடாமல் விட்டிருப்பார்கள். அதாவது பாய்லர் எரித்த கேஸ் இரண்டு முறை ஏறியிருக்கிறது.

இன்னொரு வழியிலும் சந்தேகம் வருகிறது. எல்லா ஆற்றலையும் ஆயிரம் பிடியு (வெப்ப அலகு) கணக்குக்கு மாற்றிச் சதுர அடியால் வகுத்தால் உங்களுக்கு 155 வருகிறது. அந்த இரண்டாவது மீட்டரை எடுத்துவிட்டால் 91. ஸ்டீம் ஓடும் பழைய செங்கல் கட்டடத்துக்கு 91 நம்பக்கூடிய எண். 155 வந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துத் தெருவையே சூடாக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

இப்போது டன் கணக்கு. 2024 முதல் 2029 வரை ஒரு தெர்ம் கேஸுக்கு 5.311 கிலோ, ஒரு கிலோவாட் மணிக்கு 0.289 கிலோ. 80,000 தெர்ம் என்றால் 425 டன், மின்சாரம் 173 டன், ஆக 598. அடுக்குமாடி வீடுகளுக்கு வரம்பு சதுர அடிக்கு 6.75 கிலோ, உங்கள் 110,000 சதுர அடிக்கு அதுதான் 742.5. வரம்புக்குள் நன்றாகவே இருக்கிறீர்கள். ஊகத்தை வைத்து மட்டும் மீட்டரை அழித்துவிடாதீர்கள். இரண்டு மீட்டரின் மாதக் கணக்கையும் பாய்லர் பில்லோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து உறுதி செய்த பிறகு மூடுங்கள்.

ஜாக்சன்_ஹைட்ஸ்_வாசி
இந்தச் சட்டமே நிற்காது என்று எங்கள் கட்டடத்தில் ஒருவர் மூன்று கூட்டமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். வழக்கு இருக்கிறதே, அதுவரை பேசாமல் இருந்தால் என்ன?

சட்டப்புள்ளி
அந்த வழக்கு முடிந்துவிட்டது. உங்கள் குயின்ஸ் கிளென் ஓக்ஸ் வில்லேஜ் கோ-ஆப்தான் போட்டது. மாநிலத்தில் ஏற்கெனவே காலநிலைச் சட்டம் இருப்பதால் நகரம் தனியாகச் சட்டம் போட முடியாது என்பது அவர்களுடைய முக்கிய வாதம். 2025 மே மாதம் மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2019-ல் வந்த சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கும் பொருந்தும், செல்லும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது_மாடி, இன்னொரு விஷயம். வரம்புக்குள் இருப்பதால் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். வரம்புக்குள் இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் மே 1-க்குள் முந்தைய வருடத்து அறிக்கையைக் கட்டடத் துறையிடம் தாக்கல் செய்தாக வேண்டும், அதில் உரிமம் பெற்ற பொறியாளரோ ஆர்க்கிடெக்ட்டோ கையெழுத்துப் போட வேண்டும். மீறிய டன் ஒன்றுக்கு அபராதம் 268 டாலர். ஆனால் அறிக்கையே தராவிட்டால் சதுர அடிக்கு மாதம் 50 சென்ட். உங்கள் கட்டடத்துக்கு அது மாதம் 55,000 டாலர்! பயந்து பயந்து பார்த்த அந்த 61,000 ஒரு வருடத்துக்கானது, இது ஒரு மாதத்துக்கே கிட்டத்தட்ட அவ்வளவு. தெரிந்தே தப்பான எண் கொடுத்தால் அது தனி வழக்கு, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஜாக்சன்_ஹைட்ஸ்_வாசி
எங்கள் கட்டடத்தில் பாதிக்குப் பாதி வாடகைக் கட்டுப்பாட்டு வீடுகள். எங்களுக்கும் 2024 கணக்குதானா?

சட்டப்புள்ளி
35 சதவீதத்துக்கு மேல் அப்படி இருந்தால் வரம்பு 2026-லிருந்து. உறுதியாகத் தெரிய நியூயார்க் சிட்டி ஆக்ஸிலரேட்டரைக் கூப்பிடுங்கள். நகரமே நடத்தும் ஆலோசனை, காசு கிடையாது.

ஆறாவது_மாடி
பில்லை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். பாய்லர்_ரூம் அண்ணா சொன்னதுதான், மாதத்துக்கு மாதம் அந்த 70,000 பாய்லர் பில்லோடு அப்படியே ஒத்துப்போகிறது. மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் கேட்டால் பழைய ஆள் ஏற்றியது என்கிறார்கள், சரி, யாரோ ஏற்றியது. மூடச் சொல்லிவிட்டேன். அப்போ ஹீட் பம்ப் தேவையே இல்லையா? போர்டில் இரண்டு பேர் இப்போதே கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள்.

பாய்லர்_ரூம்
கொண்டாட்டம் 2029 வரைக்கும்தான் தம்பி. 2030-லிருந்து வரம்பு சதுர அடிக்குச் சுமார் 3.35 கிலோ, அதாவது பாதி. உங்களுக்கு 368 டன். மின்சாரத்தின் கணக்கும் அப்போது ஒரு கிலோவாட் மணிக்கு 0.145 கிலோவாகக் குறைகிறது, அதனால் மின்சாரம் 87 டன்னாகிவிடும். கேஸ் அதே 425. மொத்தம் 512, மீறுவது 144 டன், வருடத்துக்கு 38,000 டாலருக்கு மேல். எல்லாம் கேஸ் செய்கிற வேலை.

ஆனால் அதற்காக இன்றைக்கே பாய்லரைத் தூக்க வேண்டியதில்லை. ஸ்டீம் கட்டடங்களில் முதல் பிரச்சினை பெரும்பாலும் சமநிலைதான். பாய்லருக்குப் பக்கத்து வீடு வெந்துபோகும், கடைசி வரிசை வீடு குளிரும், குளிர்கிறவர் புகார் செய்வார், சூப்பர் (கட்டடப் பராமரிப்பாளர்) பாய்லரை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவார், வெந்துபோனவர் ஜனவரியில் ஜன்னலைத் திறப்பார். இதைச் சரிசெய்ய மெயின் குழாய்களில் காற்று வெளியேறும் வென்ட் மாற்றுவது, கீழ்த்தளத்துக் குழாய்க்கு இன்சுலேஷன், ரேடியேட்டருக்குத் தெர்மோஸ்டாட் வால்வு, அப்புறம் வெளியே எத்தனை டிகிரி என்பதை மட்டும் பார்க்காமல் வீட்டுக்குள் இருக்கும் சென்சாரையும் பார்த்து ஓடும் பாய்லர் கன்ட்ரோல். இதையெல்லாம் செய்து கேஸ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 85 டன் போய்விடும், மீறுவது 59 டன் ஆகும், அபராதம் 16,000-க்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு குளியல் சுடுநீரை மட்டும் பாய்லரிலிருந்து பிரித்து ஹீட் பம்ப்பில் ஓட்டலாமா என்று விலை கேளுங்கள். கோடையில் சுடுநீருக்காக மட்டும் அவ்வளவு பெரிய பாய்லரை எரிப்பதுதான் எனக்கு எப்போதும் எரிச்சல்.

வரவு_செலவு
பச்சை மின்சாரச் சான்றிதழ் வாங்கி 144 டன்னையும் கழித்துவிடலாமே? எங்கள் போர்டில் அப்படித்தான் யோசிக்கிறார்கள்.

பாய்லர்_ரூம்
முடியாது. அந்தச் சான்றிதழ் மின்சாரப் பங்கை மட்டும்தான் கழிக்கும், கேஸைத் தொடாது. இவருக்கு மின்சாரப் பங்கே 87 டன்தான். அதோடு ஏதோ ஒரு சான்றிதழ் வாங்கினால் போதாது, நகரத்துக்குள் வந்து சேரும் மின்சாரத்துக்கானதாக இருக்க வேண்டும். ஸ்டீம் வேலை முடிந்து 59 டன் மிஞ்சினால் அப்போது அதை யோசிக்கலாம்.

சட்டப்புள்ளி
110,000 சதுர அடி என்பது எங்கிருந்து வந்தது என்றும் ஒருமுறை பாருங்கள். வரித் துறைப் பதிவிலிருந்து எடுத்திருந்தால் சில கட்டடங்களில் கீழ்த்தளம் விட்டுப்போயிருக்கும். இந்தச் சட்டத்தில் பாய்லர் அறை, லாண்டரி அறை எல்லாம் பரப்பில் சேரும். பரப்பு கூடினால் வரம்பும் கூடும். அறிக்கையில் கையெழுத்துப் போடும் பொறியாளரையே அளக்கச் சொல்லுங்கள்.

ஆறாவது_மாடி
வரித் துறை எண்தான் அண்ணா, தாளிலேயே போட்டிருக்கிறது. பொறியாளரிடம் பேசிவிட்டேன், கீழ்த்தளத்தை அளக்க வருகிறார். ஹீட் பம்ப் வாக்கெடுப்பைக் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டு வென்ட்டுக்கும் இன்சுலேஷனுக்கும் விலை கேட்பதாகத் தீர்மானம் எழுதியிருக்கிறேன். ரேடியேட்டர் வால்வை அந்தந்த வீட்டுக்காரர் வாங்க வேண்டுமா, கோ-ஆப் வாங்க வேண்டுமா?

பாய்லர்_ரூம்
உங்கள் குத்தகைப் பத்திரத்தைப் பாருங்கள், ரேடியேட்டர் யார் பொறுப்பு என்று அதில் இருக்கும். யார் பொறுப்பானாலும் கோ-ஆப்பே மொத்தமாக வாங்கி ஒரே ஆளை வைத்துப் போடுங்கள். வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு விட்டால் பாதி வீட்டில்தான் வரும், அப்புறம் சமநிலை இன்னும் கெடும். மெயின் வென்ட்டை முதலில் முடித்துவிட்டு வால்வுக்குப் போங்கள்.