ஜேம்ஸ் பாண்ட் ஜூனியரின் அப்பா யார்? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 1991ல் வந்த 'ஜேம்ஸ் பாண்ட் ஜூனியர்' கார்ட்டூன் தொடரை முழுசாகப் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? மொத்தம் 65 எபிசோடு. எனக்குக் கிடைத்தவை கொஞ்சம்தான், அதுவும் வரிசை இல்லாமல்.

பாண்டின் உடன்பிறந்தவர் மகன், வார்ஃபீல்ட் அகாடமியில் படிக்கிற பையன். கூடவே சிஐஏ ஃபீலிக்ஸ் லைட்டரின் மகன் கோர்டோ, பாண்டுக்கு விதவிதமான கருவிகள் செய்து கொடுக்கிற கியூவின் பேரன் ஐக்யூ. எதிரணியில் கோல்ட்ஃபிங்கருக்குக்கூட கோல்டி என்று ஒரு மகள்! இப்படி எல்லாருக்கும் உறவுமுறை தெளிவாக இருக்கிறது. நாயகனுக்கு மட்டும் இல்லை. பெரிய பாண்டும் திரையில் வருவதே இல்லை.

இயான் ஃபிளெமிங் நாவல்களின்படி பாண்டுக்கு 11 வயதில் அப்பா, அம்மா இருவரும் மலையேற்ற விபத்தில் இறந்துவிடுகிறார்கள். அண்ணன் தம்பி பற்றிப் பேச்சே கிடையாது. அப்படியென்றால் அதே குடும்பப் பெயரோடு இந்தப் பையன் எங்கிருந்து வந்தான்? எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் தொடரின் உயிரே அந்த ரத்த சொந்தம்தான்.

பையனின் பெற்றோர் பற்றி ஒரு வரி வசனமாவது வருகிற எபிசோடு ஞாபகம் இருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள். மார்வெல் 1992ல் போட்ட 12 காமிக்ஸ் இதழ்களை வைத்திருப்பவர்களும் கொஞ்சம் புரட்டிப் பாருங்களேன். அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து கமென்ட்டில் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.