டைட்டனில் நடக்கும் கதை: விளக்கம் நுழைந்தாலே கதை நின்றுவிடுகிறது

சனியின் துணைக்கோளான டைட்டனில் நடக்கும் அறிவியல் சிறுகதை ஒன்றை எழுதுகிறேன். உச்சக் காட்சியில் சிக்கி நிற்கிறது.

திரவ மீத்தேன் ஏரிக்கரையில் நாயகியின் விண்வெளி உடை கிழிகிறது. அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதனால் உடல் உப்பாது, ரத்தம் கொதிக்காது. ஆக்சிஜன் முகமூடி இருக்கும்வரை அவளைக் கொல்லப்போவது மைனஸ் 179 டிகிரி குளிர்தான். அவள் போராட அவகாசம் இருக்கிறது, கதையே அதுதான். ஆனால் கதையைப் படித்த நண்பர்கள் எல்லாரும் "இந்நேரம் செத்திருப்பாளே" என்கிறார்கள். சினிமாவில் பார்த்த விண்வெளி அப்படி, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

சக விஞ்ஞானி விளக்குவதாக வசனம் வைத்தேன்; இயற்பியல் வகுப்பு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் நாயகியின் நாட்குறிப்பாக மாற்றினேன், பரபரப்பு போயிற்று. சரி, பூமியிலிருந்து யாராவது சொல்லட்டும் என்றால், சேதி வந்துசேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விளக்கத்தை மொத்தமாக நீக்கினால் மறுபடி அதே கேள்வி.

கதை 3000 சொற்களுக்குள் முடிய வேண்டும். கிழிசல் பாதியில் வருகிறது. அதற்கு முன்பே, அங்குள்ள காற்று அடர்த்தியானது என்பதை வசனம் இல்லாமல், ஏதாவது ஒரு செயல் வழியாக வாசகருக்கு எப்படி உணர்த்தலாம்?